இருமல் இல்லாத கசம் (காசநோய்): ஒரு கழுத்துக் கட்டியும் கிருமியின் ஒட்டுப்புரதமும்

மட்டக்களப்பு வாவியில், மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, அப்புறம் பஸ் பிடித்து அந்த அக்கா எங்கள் ஆய்வுகூட யன்னலுக்கு வந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. கையில் ஒரு எக்ஸ்ரே உறை, இரண்டாக மடித்த பயோப்சி ரிப்போட், மார்பு நோய் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த துண்டு. சேலைத் தலைப்பால் கழுத்தை மூடியிருந்தார். தலைப்பை விலக்கிக் காட்டினார். வலது காதுக்குக் கீழே தேசிக்காய் அளவில் ஒரு வீக்கம், அதற்கும் கீழே புளியங்கொட்டை அளவில் இன்னும் இரண்டு.

“இருமல் ஒண்டும் இல்ல தம்பி. சளியும் இல்ல. மறுகா எப்பிடி இதக் கசம் எண்டு சொல்ற?”

நான் ஆய்வுகூடக்காரன், நோயாளியின் முகத்தைவிட அவர் கொடுத்த சளியைத்தான் அதிகம் பார்ப்பவன். யன்னலில் நின்று விளக்கம் சொல்ல நேரமும் இல்லை, அது என் வேலையும் இல்லை. “டொக்டர் வடிவாச் சொல்லுவார் அக்கா” என்று அனுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் போகவில்லை. மூச்சோடு உள்ளே போன கிருமி, நெஞ்சில் ஒரு கீறலும் வைக்காமல் கழுத்துக்கு வந்து வீங்கியது எப்படி? இதற்கு இன்று சொல்லக்கூடிய பதிலில் பெரிய பங்கு, கிருமியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் சில புரதங்களுக்கு உண்டு. இந்த நிகழ்வை எழுதிவைப்பது அதற்காகத்தான். ஆள் தெரியாமல் இருக்க ஊர், வயது, குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

வயது 38. படுவான்கரையில் வயல் வேலை, வீட்டில் நாலு எருமை, மூன்று பிள்ளைகள், கணவர், மாமா, மாமி. மாரி வெள்ளாமை விதைத்த நேரம் சின்னதாகத் தொடங்கிய கட்டி, அறுவடை முடிய இந்த அளவுக்கு வந்திருக்கிறது. நோவு இல்லை. பின்னேரங்களில் மட்டும் மேல் காய்கிற மாதிரி. பிளவுஸ் தொளதொளத்த பிறகுதான் மெலிந்தது தெரிந்ததாம். கிளினிக்கில் நிறுத்தபோது 46 கிலோ.

ஊர்ப் பரிகாரியார் பார்த்துவிட்டுக் கண்டமாலை என்று சொல்லிப் பற்றுப் போட்டிருக்கிறார். பெயரில் அவர் பிழைவிடவில்லை. கழுத்தைச் சுற்றி மாலை கோத்தமாதிரிக் கணுக்கள் வீங்குவதைத்தான் நம் ஆட்கள் அப்படிச் சொல்லி வந்தார்கள். இன்று நாம் நிணநீர்க்கணுக் காசநோய் என்று எழுதுவதும் பெரும்பாலும் அதைத்தான். அப்புறம் இரண்டு தடவை அன்டிபயோட்டிக். கட்டி அசையவில்லை.

இதற்குள் வேறொரு வைத்தியசாலையில் ஒரு கணுவை வெட்டி எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லது. எடுத்ததை முழுதாகப் போமலினில் போட்டதுதான் வில்லங்கம். உள்ளே தயிர்க்கட்டி மாதிரிச் சிதைந்த சிறுமணிகள், லங்ஹான்ஸ் இராட்சதக் கலங்கள், ‘காசநோய்க்குப் பொருந்துகிறது’ என்று ரிப்போட் வந்திருந்தது. பொருந்துகிறது என்பது ஒன்று. இந்தக் கிருமிதான், இந்த மருந்துக்கு அடங்கும் என்பது வேறொன்று. போமலின் திசுவின் உருவத்தைக் காப்பாற்றிக் கிருமியைக் கொன்றுவிடும். வளர்ப்புச் சோதனைக்கு உயிரோடு எதுவும் மிஞ்சாது. என் மேசைக்கே போமலினில் மிதந்து வந்த கணுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சத்திரசிகிச்சைத் தியேட்டரில் கை நீட்டினால் எட்டுவது போமலின் போத்தல்தான். பாதியை வெறும் உப்புநீரில் போட்டு அனுப்ப ஒரு நிமிடம் போதும், அந்த நிமிடத்தில் யாருக்காவது ஞாபகம் வரவேண்டும்.

ஆகவே மறுபடி ஊசி. மிஞ்சியிருந்த பெரிய கணுவிலிருந்து டொக்டர் உறிஞ்சி எடுத்தது ஒரு மில்லிலீற்றர்கூட இல்லை. பழுப்பு வெள்ளை, திப்பி திப்பியாக. அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, கார்போல் புக்சின் என்ற சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி எழும்பும்வரை அடியில் சூடு காட்டி, அமிலத்தால் கழுவி, மெதிலீன் நீலம் விட்டேன். நுணுக்குக்காட்டியின் எண்ணெய் வில்லையில் 100 புலங்கள் (ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்தேன். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோல்கள் நாலே நாலு. இந்த முறையில் கண்ணில் பட மில்லிலீற்றருக்கு 5,000 முதல் 10,000 கிருமிகள்வரை இருக்கவேண்டும் என்பதால், நாலு கிடைத்ததே பெரிய விஷயம். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனையும் பொசிட்டிவ், முக்கிய மருந்தான ரிபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. சளி இரண்டு தடவையும் நெகட்டிவ். எக்ஸ்ரே சுத்தம். சீனி, எச்.ஐ.வி. இரண்டிலும் பிரச்சினை இல்லை.

டொக்டர் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: “பால் காய்ச்சாமக் குடிப்பீங்களா?” மாட்டுக் காசநோய்க் கிருமி பச்சைப்பால் வழியாகத் தொண்டைக்குப் போய்க் கழுத்துக் கணுக்களைப் பிடிக்கும். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் வழக்கம் வருமுன் ஐரோப்பாவில் பிள்ளைகளின் கழுத்துக் கட்டிகளில் கணிசமானவை இப்படி வந்தவை. ஜீன்எக்ஸ்பேர்ட் இரண்டு கிருமிகளையும் பிரித்துச் சொல்லாது. பிரித்தறிய வேண்டியதன் காரணம், மாட்டுக் கிருமியிடம் பைரசினமைட் என்ற காசநோய் மருந்து பிறப்பிலேயே எடுபடாது. அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: “தயிருக்குக் காய்ச்சித்தானே உறைய வைக்கிற. புள்ளையளுக்குக் கறந்த சூட்டோட குடுக்கிறதும் இருக்கு.” விடை வளர்ப்புச் சோதனையில்தான். குடலில் வாழும் சாதாரண பக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இது இரட்டிக்க 20 மணித்தியாலமளவு எடுக்கும். கிழமைக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

மெழுகுக்கு வெளியே

அமிலம் ஊற்றியும் அந்தக் கோல்கள் ஏன் சிவப்பை விடவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். இந்தக் கிருமியின் உடலைச் சுற்றி இருப்பது சாதாரணச் சுவர் அல்ல. உள்ளே கலமென்சவ்வு, அதன்மேல் பெப்டிடோகிளைக்கன், அதன்மேல் சர்க்கரைகளால் ஆன அரபினோகலக்ரன், அதில் நட்டுவைத்த மாதிரி மைக்கோலிக் அமிலங்கள். ஒவ்வொரு மைக்கோலிக் அமிலத்திலும் 60 முதல் 90 வரை காபன் அணுக்கள். நம் சமையல் எண்ணெய்களின் கொழுப்பமிலங்களில் பெரும்பாலும் 12 முதல் 18 வரைதான். இவை நெருங்கி நின்று வெளிப்புறத்தில் இன்னொரு சவ்வாகவே அமைகின்றன. உறைநிலையில் வெட்டிப் பார்த்த இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களில் அது 2008இல் தெளிவாகத் தெரிந்தது. அதற்கும் வெளியே சர்க்கரையும் புரதமும் கலந்த தளர்வான உறை.

சாயத்தை வெளியே விடாத அதே மெழுகு, புரதத்தையும் இலேசில் வெளியே விடாது. ஒட்டும் புரதம் ஒன்று கிருமிக்குள் இருந்து பயனில்லை. சாந்து பூசி மூடிய ஆணியில் படம் மாட்டமுடியுமா? புரதம் மெழுகைத் தாண்டி வந்து, முனையை வெளியே நீட்டி, ஆனால் கழன்றும் போகாமல் நிற்கவேண்டும். இந்தக் கிருமியிடம் அதற்குப் பல வாசல்கள் உண்டு. முகவரிச்சீட்டு மாதிரி ஒரு முன்துண்டோடு வரும் புரதங்களை உள்சவ்வுக்கு அப்பால் தள்ளும் பொதுவழி ஒன்று. ஈ.எஸ்.எக்ஸ். என்ற சிறப்பு வாசல்கள் ஐந்து. அவற்றில் முதலாவது வாசலின் ஒரு முக்கிய பகுதி பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியில் இல்லை, பி.சி.ஜி. சாதுவானதற்கு முக்கிய காரணமும் அதுதான்.

வயலால் வந்து காலைப் பார்த்தால் சாறன் ஓரத்தில் நாயுருவி விதை வரிசையாக ஒட்டியிருக்கும். தட்டினால் போகாது, ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும். விதைக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. முனையில் இருக்கும் முள்ளும், அதில் மாட்டக்கூடிய துணியும் இருந்தால் போதும், அடுத்த ஊருக்குப் போய்விடும். கிருமியின் ஒட்டுப்புரதமும் இதே கூத்துத்தான். முள் என்ன, துணி என்ன என்று தேடுவதே ஆய்வு.

ஹெப்பரினில் மாட்டியது

அக்காவின் இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருந்தது. இங்கே பிறந்த அநேகருக்கு இருக்கும். அந்தத் தடுப்பூசி பிரான்சின் லில் நகரில் கல்மெற்றும் கெராங்கும் 1908இலிருந்து 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து உருவாக்கி, 1921இல் முதலில் பயன்படுத்தியது. அதே லில் நகரின் பஸ்தேர் நிறுவனத்தில் 1996இல் மெனோஸ்ஸி, லொஹ்ட் ஆகியோரின் குழு செய்த வேலைதான் இங்கே நமக்குத் தேவை.

அவர்கள் யோசித்த விதம் எளிமையானது. நம் உடல் கலங்களின் வெளிப்புறத்தில் ஹெப்பரான் சல்பேற் என்ற மறையேற்றமுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. பல கிருமிகள் அதைத்தான் பிடிக்கின்றன. ஹெப்பரின் அதன் நெருங்கிய சொந்தம். சிறு மணிகளில் ஹெப்பரினை ஒட்டவைத்து, குழாயில் அடைத்து, கிருமிச்சாற்றை அதன்வழியே ஓடவிட்டால் ஒட்டும் குணமுள்ளது மட்டும் குழாயில் தங்கும். தங்கியது 28 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதம். அது செங்குருதிக் கலங்களையும் ஒன்றோடொன்று ஒட்டித் திரளவைத்தது. அதனால் ஹெப்பரினில் ஒட்டும் குருதிக்கலத் திரட்டி என்று பெயர். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் எச்.பி.எச்.ஏ.

இதன் முள் வால்ப்பக்கத்தில் இருக்கிறது. லைசின் என்ற நேரேற்றமுள்ள அமினோ அமிலம் அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வருகிறது. நேரேற்ற வால், மறையேற்றச் சங்கிலி. ஒட்டாமல் என்ன செய்யும். இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த லைசின்களில் பலவற்றுக்குக் கிருமி மெதைல் தொகுதிகளைச் சேர்த்துவிடுகிறது. லைசினைக் கண்டால் வெட்டும் நொதியங்களிடமிருந்து இது வாலைக் காப்பாற்றுகிறது. ஒட்டுவதற்கு நீட்டிய கையை எதிரி வெட்டாமல் இருக்கக் காப்பு போட்ட மாதிரி. குடல் பக்டீரியாவில் இதே புரதத்தைச் செய்வித்தால் வடிவம் வரும், காப்பு வராது. நம் உடலின் எதிர்ப்புக் கலங்கள் இந்த வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடிக்கின்றன. கிருமி உள்ளே தூங்கிக் கிடப்பவர்களின் குருதி, மெதைல் சேர்ந்த புரதத்துக்குப் பலமாகவும், நோய் வெளிப்பட்டவர்களின் குருதி பொதுவாக மெலிதாகவும் பதில் கொடுக்கிறது. தூங்கும் தொற்றையும் எழும்பிய நோயையும் பிரிக்க இதை ஒரு சோதனையாக்கும் முயற்சி அதிலிருந்துதான் வந்தது.

முகவரிச்சீட்டு விஷயத்தில் இந்தப் புரதம் ஒரு புதிர். வெளியே போகும் புரதங்களில் வழக்கமாக இருந்து பின் வெட்டப்படும் முன்துண்டு இதில் இல்லை. ஆனாலும் வெளியே நிற்கிறது.

வெளியேதான் நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? எனக்கு இதுதான் இந்தத் துறையில் மிக முக்கியமான கேள்வி. காசநோய்க் கிருமியின் ஒட்டுப்புரதங்கள் என்று நீளமான பட்டியல்கள் கிடைக்கும். அவற்றில் சிலவற்றை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன். பழைய வளர்ப்பில் செத்த கிருமிகள் உடைந்து உள்ளேயிருந்த புரதங்களைக் கொட்டும். அவை பக்கத்து உயிர்க்கிருமியின் மேல் போய் ஒட்டும். ஒட்டும் புரதம் என்றாலே ஒட்டும்தானே. அதைப் பார்த்துவிட்டு ‘மேற்பரப்பில் காட்டப்படுகிறது’ என்று எழுதினால் என்ன அர்த்தம்? எதிர்ப்பக்கத்திலும் ஒரு சங்கடம் உண்டு. இந்தக் கிருமிகள் திரவத்தில் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடக்கும். பிரித்துவைக்க ட்வீன் 80 என்ற சவர்க்காரத் தன்மையுள்ள பொருளைச் சேர்ப்பது வழமை. அது கட்டியைப் பிரிக்கும்போதே வெளியுறையையும் உரித்துவிடும். ஆய்வுகூடத்தில் நாம் பார்ப்பது பல நேரம் குளித்து முடித்த கிருமி.

எச்.பி.எச்.ஏ. இந்தச் சோதனைகளில் நன்றாகவே தேறியது. பிறபொருளெதிரியோடு பொன் துகள் சேர்த்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது மேற்பரப்பில் தெரிந்தது. எனக்கு மிகப் பிடித்தது 2005இல் பெல்ஜியத்தில் டுஃப்ரேன் குழு லில் குழுவோடு சேர்ந்து செய்தது. அணுவிசை நுணுக்குக்காட்டியின் ஊசிமுனையில் ஹெப்பரினைத் தடவி, உயிருள்ள பி.சி.ஜி. கிருமியின் முதுகில் புள்ளி புள்ளியாகத் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள். எந்த இடத்தில் ஊசி ஒட்டி இழுபட்டதோ அங்கே புரதம். படமாக வரைந்து பார்த்தால் புரதம் எங்கும் சீராகப் பரவவில்லை, நனோமீற்றர் அளவுத் திட்டுத் திட்டாகக் கூடியிருந்தது. ஒற்றை முள்ளைவிட முட்கூட்டம் துணியை நன்றாகப் பிடிக்கும் என்பதற்கு வயலுக்குப் போனவர்களிடம் ஆதாரம் கேட்கவேண்டியதில்லை.

வேறு முட்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அன்டிஜன் 85 என்ற மூன்று புரதங்கள் மைக்கோலிக் அமிலத்தைச் சுவரில் பொருத்தும் நொதியங்கள். அவையே நம் திசுவிலுள்ள பைப்ரோனெக்டின் என்ற புரதத்தையும் பிடிக்கின்றன. சாந்து பூசும் மேசனே வேலிக்கு மேலால் கையையும் நீட்டுகிறான். மலேற் சிந்தேஸ், கிருமி தன் உணவைப் பயன்படுத்தும் இரசாயன வழியில் வேலைசெய்யும் நொதியம். மேற்பரப்பில் அது லமினின் என்ற நம் திசுப் புரதத்தைப் பிடிப்பதாக 2006இல் காட்டினார்கள். 2007இல் மெல்லிய மயிரிழை போன்ற நார்களைக் கண்டார்கள். நோயாளிகளின் குருதியில் அந்த நார்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தன. அதாவது கிருமி அவற்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டுமல்ல, ஆளுக்குள்ளும் காட்டுகிறது. லமினின் என்றதும் எனக்கு வாவியில் இருக்கும் மாந்தீவு ஞாபகம் வரும். அங்கே தொழுநோய் வைத்தியசாலை இருந்தது நம் எல்லோருக்கும் தெரியும். தொழுநோய்க் கிருமி, காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட தம்பி. அது நரம்பைத் தேடிப் போவதற்கு ஒரு வழி, நரம்பைச் சுற்றியுள்ள கலங்களின் லமினினில் ஒட்டும் ஒரு புரதம்.

நெஞ்சிலிருந்து கழுத்துக்கு

இனி அக்காவின் கேள்வி. லில் குழு 2001இல் எச்.பி.எச்.ஏ. மரபணுவைக் கெடுத்த கிருமிகளைச் சுண்டெலிகளின் மூக்கில் விட்டது. சுவாசப்பையில் அவை வழக்கம்போல் வளர்ந்தன. மண்ணீரலுக்குப் போய்ச் சேர்ந்தது மிகக் குறைவு. கலங்களோடு வைத்துப் பார்த்தபோது, பெருவிழுங்கிகளை ஒத்த கலங்களில் வித்தியாசம் இல்லை. உறுப்புகளின் உட்பரப்பை மூடியிருக்கும் மேலணிக் கலங்களில் ஒட்டுவதுதான் குறைந்தது. மரபணு கெடாத கிருமிகளின்மேல் இந்தப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியைப் பூசிவிட்டாலும் பரவல் குறைந்தது.

இதை வாசித்துவிட்டு எச்.பி.எச்.ஏ.தான் காசநோயின் சாவி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. நெஞ்சில் குடியேற அது தேவைப்படவில்லையே. நெஞ்சைவிட்டு வெளிக்கிட வேண்டியபோதுதான் தேவைப்பட்டது. கிருமிக்கு வெளிக்கிட இரண்டு வழி. ஒன்று, பெருவிழுங்கி விழுங்க, அதன் வயிற்றிலேயே இருந்து அது போகும் இடத்துக்குப் போவது, அக்கா மண்டூரில் பாதையில் ஏறி நின்ற மாதிரி. மற்றது, மேலணிக் கலங்களைத் தானே பிடித்து ஊடுருவுவது. அதற்குத்தான் முள். சுண்டெலியின் மண்ணீரலையும் மனுசியின் கழுத்தையும் ஒன்றாக்க நான் தயாரில்லை. அக்காவுக்குள் எந்த வழி திறந்தது என்று எந்தக் கண்ணாடியும் காட்டாது. ஆனால் நெஞ்சு சுத்தமாக இருக்கக் கழுத்தில் கட்டி வருவது முரண் அல்ல என்பதை மட்டும் அந்த எலிகள் தெளிவாகக் காட்டிவிட்டன. தங்குவதும் புறப்படுவதும் கிருமிக்கு இருவேறு வேலைகள், இருவேறு கருவிகள்.

மருந்து தொடங்கியது. நாலு மருந்து சேர்ந்த குளிசை நாளுக்கு மூன்று, இரண்டு மாதம். அப்புறம் இரண்டு மருந்து, நாலு மாதம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்பே சொன்னதால் அக்கா பயப்படவில்லை. எட்டாவது கிழமை கட்டி திடீரென்று பெருத்து, பக்கத்தில் புதிதாக ஒன்றும் எழும்பியபோதுதான் பயந்தார். வீட்டில் மருந்தை நிறுத்தச் சொன்னார்களாம். சிலருக்கு இப்படி வரும். கிருமி சாகச்சாக உடலின் எதிர்ப்பு முறுக்கேறி, செத்த கிருமியின் துண்டுகளோடு சண்டை பிடிக்கும். மருந்து மாற்றவில்லை; மூன்று கிழமையில் இறங்கத் தொடங்கியது. வளர்ப்புச் சோதனை அதற்கு முன்னரே, ஐந்தாவது கிழமையில், பொரிப்பொரியான மங்கல் மஞ்சள் குடியேற்றங்களாக வந்திருந்தது. மனிதக் காசநோய்க் கிருமிதான். எருமைகள் தப்பின.

அப்போ மனிதர் யார்? இருமல் இல்லாத நோயாளி யாருக்கும் கொடுக்கமாட்டார். அவருக்குக் கொடுத்தவர் இருப்பார். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் மூவரையும் கிளினிக்குக்கு எடுத்தார்கள். திண்ணையில் மாமா இருந்தார். இரண்டு மாரியாக இருமல். “அது சுருட்டு இருமல், அதுக்கென்ன” என்றாராம்.

அடுத்த கிழமை யன்னலில் அக்கா. கழுத்தை மூடவில்லை. கையில் மூடி இறுக்கிய சளிப் போத்தல்.

“மாமாட, தம்பி.”

தேய்த்து, சூடு காட்டி, கழுவி, வில்லைக்குக் கீழே வைத்தேன். இந்தத் தடவை 100 புலம் தேடவேண்டியிருக்கவில்லை. முதல் புலத்திலேயே ஏழு எட்டுக் கோல்கள், இரண்டு மூன்றாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.